இரத்தினபுரியின் கிற்றாரும் லயத்துத் தப்பும்

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இராகங்களின் வரலாற்றையும் வித்துவான்களின் வரலாற்றையுமே எழுதி முடித்துவிடுகின்றனர். வாத்தியத்தை வாங்கும் பணம் யாரிடம் இருந்தது, அதைப் பழகும் ஓய்வு யாருக்குக் கிடைத்தது, அதன் ஒலி எந்த வழியாக எந்த வீட்டை அடைந்தது என்னும் வினாக்கள் அவர்களுக்கு அற்பமாகத் தோன்றுகின்றன. நமக்கோ அவையே முதல் வினாக்கள். ஆதலினாற்றான், தமிழ் வாசகர் பலர் பெயரளவிலேயே அறிந்திருக்கும் ஒரு சிங்களக் கிற்றார்க் கலைஞனின் வாழ்வை இங்கு ஆராய முற்படுகிறோம்.

கிளாரன்ஸ் விஜேவர்தன 1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் தேயிலை மலைகள் சூழ்ந்த ஹப்புத்தளையிற் பிறந்தவர். 1996 டிசெம்பர் 13ஆம் நாள் தமது 53ஆவது வயதில் மறைந்தவர். சிங்கள மெல்லிசைக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தவர் என இசை வரலாற்றில் அவர் குறிக்கப்படுகிறார். 1960களின் நடுப்பகுதியில் அனஸ்லி மலேவன என்னும் பாடகரோடு சேர்ந்து அவர் தொடக்கிய 'மூன்ஸ்டோன்ஸ்' குழு கொழும்பிற் பிறக்கவில்லை, இரத்தினபுரியிற் பிறந்தது. சபரகமுவ மாகாணத்தின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் இரத்தினக்கற் குழிகளுக்கும் நடுவே பிறந்தது. இவ்வொரு செய்தியே நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. தலைநகரின் விடுதிகளும் மேனாட்டு மோகமும் பெற்ற குழந்தை என்று நம் பண்டிதர்கள் முத்திரை குத்திய பொப் இசை, மழையும் அட்டையும் மலிந்த ஒரு தோட்டப்புற நகரத்தில் வேர் கொண்டது எவ்வாறு? அதே மாவட்டத்தில் அதே மழையில் நனைந்த தோட்டத் தமிழரின் இசை, அதே ஆண்டுகளில் எங்கே இருந்தது?

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சபரகமுவ தனி மாகாணமாக்கப்பட்டது 1889இல். கோப்பிப் பயிரைப் பூஞ்சண நோய் அழித்த பின்னர், மேட்டு நிலங்களில் தேயிலை பரவியது போலவே, களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளிலும் இறப்பர் பரவியது. பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட வித்துக்கள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்டு, 1876இல் நாற்றுக்களாக இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தன என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், மேனாட்டில் மோட்டார் வண்டிகளின் சில்லுகள் பெருகப் பெருக, இங்கே காடுகள் வெட்டப்பட்டன. அவற்றை வெட்டியவரும், கன்று நட்டவரும், பால் வெட்டியவரும் யார்? கங்காணிகளின் கடன் சீட்டுக்களோடு தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே பெரும்பாலோர். கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கின் ஊடாகப் போடப்பட்ட ஒடுங்கிய இருப்புப்பாதை முதலில் யட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. சரக்கு துறைமுகம் நோக்கி இறங்கிய அதே பாதையில்தான் அரிசி மூடையும், சாராயப் பீப்பாயும், கிராமபோன் பெட்டியும் மேலேறின.

சபரகமுவத் தோட்டங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நுவரெலியாவிலோ அற்றனிலோ ஒரு மலையின் தேயிலை முடியுமிடத்தில் அடுத்த மலையின் தேயிலை தொடங்கும்; தமிழ்த் தொழிலாளர் தொடர்ச்சியாக வாழ்கின்றனர். சபரகமுவவிலோ ஒவ்வொரு தோட்டமும் சிங்களக் கிராமங்களின் நடுவே ஒரு தீவு. லயத்தின் கோடிப்புறத்திலிருந்து பார்த்தால் வயல் தெரியும். கிராமத்து விகாரையின் மணியோசை லயத்துக்குக் கேட்கும். மாரியம்மன் திருவிழாவின் தப்போசை கிராமத்துக்குக் கேட்கும். இருசாராரும் ஒரே கடையில் கருவாடு வாங்கினர். தோட்டத்துத் தமிழர் பலர் சிங்களத்தைத் தாய்மொழிபோற் பேசினர். அண்மை இவ்வளவு இருந்தும் ஒற்றுமை ஏன் வளரவில்லை? காணிதான் காரணம். தோட்டத்துக்காகத் தம் சேனை நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த கிராமத்தவன், அந்நிலத்தை எடுத்த வெள்ளைக் கம்பனியை இலண்டனிற் சென்று காண முடியாது. எதிரே நின்ற கூலிக்காரனையே கண்டான். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டு, அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறும்படி பணித்தபோது வெடித்த வேலைநிறுத்தம் இம்முரண்பாட்டின் முழு வடிவத்தையும் காட்டியது. கம்பனிகள் பறித்த காணிக்கு நட்டஈட்டைத் தொழிலாளியின் தலையிற் சுமத்தும் அரசியல் அன்றே பிறந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

இந்த மாகாணம் இடதுசாரி இயக்கத்தின் தொட்டில்களில் ஒன்று என்பதையும் மறக்கலாகாது. லங்கா சமசமாசக் கட்சி 1935 டிசெம்பரில் அமைந்தது. மறு ஆண்டே என்.எம். பெரேரா ருவான்வெல்லத் தொகுதியிலும் பிலிப் குணவர்தன அவிசாவளைத் தொகுதியிலும் வெற்றி பெற்றனர். பிற்காலத்தில் என்.எம். பெரேராவின் தொகுதியாயிருந்த யட்டியாந்தோட்டையிலே, அவர் கட்சியின் தொழிற்சங்கத்திற் சந்தா செலுத்திய தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோருக்கு அவருக்கு வாக்களிக்கும் உரிமை இருக்கவில்லை. 1948இல் அச்சட்டத்தை எதிர்த்து நின்ற அதே கட்சி 1964 ஜூனில் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வரசாங்கமே அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டது. 9,75,000 மனிதர்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை பிரிப்பது போலப் பிரிக்கப்பட்டனர். மூன்ஸ்டோன்ஸ் குழு தோன்றிய காலமும் ஏறக்குறைய இதுவே. இரு செய்திகளையும் பக்கத்திற் பக்கமாய் வைத்து எழுதிய இசை வரலாறு எதனையும் நாம் கண்டதில்லை.

இனி வாத்தியத்துக்கு வருவோம். கிற்றார் இலங்கைக்கு நேற்று வந்ததன்று. பறங்கியர் குடும்பங்களின் விருந்துகளிலும், ஆபிரிக்க வழிவந்த கபிரியர் ஆடிய பைலாவிலும் நரம்புக் கருவிகள் நெடுங்காலம் ஒலித்தன. அந்தப் பைலாவைச் சிங்களத்திற் பொதுசனப் பாட்டாக்கிய வொலி பஸ்தியன் ஒரு பொலிஸ்காரர் என்பது சுவையான செய்தி. ஆனால் இலங்கை வானொலியின் மேன்மக்கள் பைலாவை வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்தினர். சிங்களத் தேசிய இசை எதுவென்ற தேடலில் அவர்கள் வட இந்தியாவை நோக்கினர். 1952இல் லக்னோவிலிருந்து பண்டிதர் இரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டு வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரித்தார். சுனில் சாந்த என்னும் பெருங்கலைஞர் அந்தப் பரீட்சைக்கு நிற்க மறுத்து வானொலியைவிட்டே வெளியேறினார். தன் மக்களின் பாட்டை அளக்க அயலூர் முழக்கோல் எதற்கு என்று கேட்ட அம்மனிதரின் நெஞ்சுரத்தை நாம் வணங்குகிறோம். எனினும் முழக்கோலே வென்றது. வயலினும் தபேலாவும் சித்தாரும் கலையகத்தில் அமர்ந்தன. கிற்றார் ஒரு மூலையில் தாளம் தட்டும் துணைக்கருவியாய் ஒதுங்கியது.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்குவது பொருத்தமாகும். நம் மரபில் பாட்டு ஒற்றைக் கோடாய் ஓடுவது. சுருதி அதற்கு நிலம். கிற்றாரோ பல சுரங்களை ஒருங்கே மீட்டிச் சுரக்கூட்டுக்களை எழுப்புவது. ஷட்ஜம், மத்திமம், பஞ்சமம் ஆகிய மூன்று சுரங்களின்மேற் கட்டிய மூன்று கூட்டுக்களைக் கற்ற இளைஞன் ஒரு மாதத்துக்குள் நூறு பாட்டுக்குத் துணை வாசிக்கலாம். குருவின் காலடியிற் பன்னிரண்டாண்டு கிடக்க வேண்டுவதில்லை. இதுவே கிற்றாரின் சனநாயகம். பண்டிதர்கள் அதை வெறுத்ததற்குக் காரணமும் இதுவே. மின்கிற்றாரில் இன்னொன்று சேர்கிறது. உருக்குத் தந்தியின் அதிர்வை, காந்தமும் செப்புச் சுருளும் மின்னலையாக மாற்ற, பெருக்கி அதை ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. மரப்பெட்டியின் வயிற்றுக்கு வேலையில்லை. அந்த மெல்லொலியே அப்போது தனித்துப் பாடத் தொடங்குகிறது, துணைவன் நாயகனாகிறான். 1960இல் இங்கிலாந்தின் 'ஷடோஸ்' குழுவினர் வாய்ப்பாட்டே இன்றி மின்கிற்றாரைப் பேசவைத்த இசைத்தட்டு உலகெங்கும் இளைஞரை மயக்கியது. சில ஆண்டுகளிற் பீற்றில்ஸ் வந்தனர். லிவர்பூலின் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் நால்வர் தம் பாட்டைத் தாமே புனைந்து தாமே பாடியது, இசைத்தொழிலின் பழைய வேலைப்பிரிவினையை உடைத்த செயல். அவ்வலை இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு வழியாக இரத்தினபுரியின் சிறுவீடுகளையும் தொட்டது.

விஜேவர்தனவின் பெருமை, அவ்வலையில் அவர் மிதந்து போகாமையிலே இருக்கிறது. அக்காலத்துக் குழுக்கள் பல ஆங்கிலப் பாட்டை அப்படியே பாடின. சில, இலத்தீன் அமெரிக்கப் பெயர்களைச் சூடி, கலிப்சோ மெட்டில் அகன்ற தொப்பியோடு மேடையேறின. சினிமாவோ இந்தி, தமிழ் மெட்டுக்களுக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தி வயிறு வளர்த்தது. விஜேவர்தன தம் பாட்டைத் தாமே எழுதினார், தாமே மெட்டமைத்தார், தாமே மீட்டினார். சொற்கள் எளிய பேச்சுச் சிங்களம். பொருள் வீதியிலும் வீட்டிலும் கண்டவை. அக்குழுவுக்குப் பெயர் வாங்கித்தந்த முதற் பாட்டுக்களில் ஒன்று மாங்காய்க்காரக் கறுப்பு மாமியை விளித்துப் பாடுவது. 'மெங்கோ கலு நந்தே' என்னும் அப்பாட்டைப் பாடாத சிங்களச் சிறுவன் அன்று இல்லை எனலாம். வேதனை தோய்ந்த சந்நியாச பாவமும் செயற்கையான வடமொழிச் சொல்லும் மலிந்திருந்த மெல்லிசைக்குள் கூடை சுமந்த கறுப்பு மாமி நுழைந்தது சிறு செய்தியன்று.

குழுவின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அச்சொல் சந்திரகாந்தக் கல்லைக் குறிக்கும். அநுராதபுரத்து வாயிற்படிகளில் அரைவட்டமாய்ச் செதுக்கிய கல்லுக்கும் இந்நாட்டு ஆங்கிலத்தில் அதே பெயர். இரத்தினக்கல் நகரத்துப் பையன்கள் மேனாட்டுப் பாணியிற் சூட்டிய பெயரிலும் மண் ஒட்டிக்கொண்டே இருந்தது. நிலவொளி பட்டால் நீர் சுரக்கும் எனத் தமிழ்ப் புலவர் பாடிய கல்லும் அதுவே.

வானொலி அறிவிப்பாளர் விஜய கொரியா அவர்களுடைய ஆற்றலைக் கண்டு வானொலியில் அவர்களுக்கு வழி திறந்தார். இந்திராணி பெரேராவின் இளங்குரல் குழுவிற் சேர்ந்தது. 1960களின் இறுதியில் ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' நிறுவனம் அவர்களுடைய பாட்டுக்களை இசைத்தட்டாக்கிற்று. 'சூரிய' மேடை நிகழ்ச்சிகளுக்கு இளைஞர் திரண்டனர். 1970ஐ ஒட்டி விஜேவர்தன குழுவைவிட்டு விலகி 'கோல்டன் சைம்ஸ்' என்னும் புதிய குழுவை அமைத்தார். பின்னர் மலேவனவும் அவரும் மீண்டும் இணைந்து 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆயினர். குழுக்கள் பிரிவதும் சேர்வதும் அத்தொழிலின் இயல்பு. அவ்வரலாற்றை விரிப்பது நமக்கு வேண்டாத வேலை. எச்.டி. பிரேமரத்ன நெறியாண்ட 'சிக்குருலியா' (1975), 'அபேக்ஷா' (1978) ஆகிய திரைப்படங்களுக்கு அவர் இசையமைத்தார். நாட்டுப்புறத்துக் கதைக்கும் கிற்றார் பொருந்தும் என்று அங்கே நிறுவினார்.

அவரை எதிர்த்தோர் இருதிறத்தார். ஒருதிறத்தார் பண்டிதர்; அவர்களுக்கு இராகமில்லாத பாட்டு பாட்டன்று. மறுதிறத்தார் நம்மவரே. பொப் இசை ஏகாதிபத்தியப் பண்பாட்டின் சீரழிவுச் சரக்கு, இளைஞரின் போர்க்குணத்தை மழுக்கும் அபின் என்று இடதுசாரி மேடைகளில் முழங்கியோர் பலர். அவ்விமரிசனத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இசைத்தட்டு வியாபாரம் காதலையும் கனவையும் சரக்காக்கிற்று என்பது மெய். விஜேவர்தனவின் பாட்டுக்களில் வேலைநிறுத்தமோ காணிப்போராட்டமோ இடம்பெற்றுவிடவும் இல்லை. ஆனால் கருவியின்மேற் பழி போடுவது பாமரத்தனம். ஆர்மோனியமும் வயலினும் ஐரோப்பியர் தந்தவையே. வயலினைக் கருநாடக இசை தன் மடியில் வைத்துக்கொண்டதால் அது வைதிகமாகிவிட்டது. கிற்றாருக்கு மட்டும் ஏன் தீட்டு?

தமிழகத்திலிருந்து ஓர் ஒப்புமை கூறலாம். விஜேவர்தன பிறந்த அதே 1943இல் மதுரைச் சீமையின் பண்ணைப்புரத்திற் பிறந்தவர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டு மேடைகளின் பாடகர். 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நடுவே பாவலரின் பாட்டு முழங்கியது. கட்சி வேட்பாளர் றோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அண்ணனின் குழுவோடு ஊரூராய்த் திரிந்து பாடிய அந்தத் தம்பி, பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, பிறருடைய இசைக்குழுக்களிற் கிற்றார் வாசித்து, 1976இல் 'அன்னக்கிளி'யோடு இசையமைப்பாளரானார். அவருடைய கிற்றாருக்கும் தோட்டத்து லயத்துக்கும் இடையே ஒரு கட்சி இருந்தது, ஒரு மேடை இருந்தது, தொழிலாளிக்கு வாக்குச்சீட்டு இருந்தது. மூணாற்றுத் தமிழ்த் தொழிலாளி அமைச்சரவையின் தலைவிதியை நிருணயிக்கத் தக்கவனாய் இருந்தபடியாற்றான் பாட்டுக்காரர் அவனைத் தேடிச் சென்றனர். யட்டியாந்தோட்டைத் தொழிலாளியைத் தேடி யார் பாட்டோடு சென்றார்?

இப்போது லயத்துக்குள் நுழைவோம். அங்கே இசை இல்லாமலில்லை. இசையாலேயே நாள் தொடங்கிற்று. விடியுமுன் தப்படித்துத்தான் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பினர். சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதையில் தேயிலைத் தோட்டத்தின் வைகறையை அந்தப் பறையொலியோடுதான் கண்டார். பின்னர் சக்தீ பாலையா அதைத் தமிழாக்கினார். தோட்டத்து நாட்டார் பாட்டுக்களை அரும்பாடுபட்டுத் திரட்டியவரும் வேலுப்பிள்ளையே. அத்தொகுப்பு 1987இல், அவர் மறைந்த பின்னரே, நூலாயிற்று. மாசியிற் காமன் கூத்து, இரவிரவாய்ப் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, திருவிழாவில் உறுமி, சாவில் தப்பு, கொழுந்து மலையில் ஒருத்தி தொடங்க வரிசை முழுதும் தொடரும் பாட்டு — எத்தனை வளம்! தப்பின் தோல் மழையிற் சோர்ந்துவிடும். வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அனலிற் காட்டி அதை முறுக்கேற்றுவர். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையிற் குறுகிய தடித்த குச்சி. சபரகமுவ மழையில் தப்புக்காரன் நெருப்பை விட்டு அகல முடியாது. அதே மாவட்டத்தில் ஒரு வாத்தியம் மின்சாரத்தால் உயிர் பெற்றது. மற்றொன்று சருகு நெருப்பால் உயிர் பெற்றது. மின்சாரம் தோட்டத்துத் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் வந்திருந்தது. லயத்துக்கு வரவில்லை.

மின்சாரம் மட்டுமா வரவில்லை? தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பதினைந்து வயதுப் பையன் பேர் பதிந்து மலைக்குப் போனான். இறப்பர் மரத்தைக் குளிர்ந்த வைகறையிலேயே வெட்ட வேண்டும். வெயிலேறினாற் பால் குறையும். ஆகவே இருட்டிலேயே அவன் வேலை தொடங்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை; வெட்டில்லாத நாளிற் சம்பளமும் நிச்சயமில்லை. இவன் எந்தப் பணத்தில் கிற்றார் வாங்குவான்? எந்த நேரத்தில் அதைப் பழகுவான்? இவையெல்லாவற்றிலும் கொடியது இன்னொன்று. இரத்தினபுரி நகரத்துச் சிங்கள இளைஞன், வானொலி தன் குரலுக்குச் செவி சாய்க்கும் என்று நம்புதற்கு ஓர் ஆதாரம் இருந்தது. நாடு தன்னுடையது என்னும் எண்ணம் அவனுக்கு இருந்தது. தான் இராமேசுவரத்துக்குக் கப்பலேற வேண்டியவனா, இங்கேயே இருக்கத்தக்கவனா என்னும் தீர்ப்பை எதிர்நோக்கி விண்ணப்பப் படிவத்தோடு கச்சேரி வாசலில் நின்ற தோட்டத்து இளைஞன் எந்த நாட்டு வானொலிக்குப் பாடுவான்?

தமிழிற் பொப் இசை தோன்றாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு 'சின்ன மாமியே'யைப் பாடினார், ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைப் பாடிச் சிங்களவரையும் தமிழரையும் ஒருங்கே ஆடவைத்தார். அப்பாட்டு கடல் கடந்து, 1977இல் இளையராஜாவின் இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் ஏறிற்று. மீன் கொணர்ந்த காதலனின் களியாட்டப் பாட்டு இருமொழியிலும் வென்றதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த மேடைகள் யாழ்ப்பாணத்தினவும் கொழும்பினவுமே. லயம் அங்கே கேட்போர் கூட்டத்திலேயே நின்றது.

1971 ஏப்ரலிற் கிளர்ச்சி வெடித்தபோது, கேகாலை மாவட்டமே அதன் முக்கிய களங்களில் ஒன்றாயிற்று. காட்டுக்குட் போன சிங்கள இளைஞரின் தலைமுறையும், மூன்ஸ்டோன்ஸ் பாட்டை முணுமுணுத்த தலைமுறையும் ஒன்றே. சுதேச மொழியிற் படித்து, வேலையற்று, நகரத்து ஆங்கிலம் பேசுவோரால் இகழப்பட்ட தலைமுறை அது. ஒருவர் கையிற் கிற்றாரும் மற்றொருவர் கையிற் நாட்டு வெடிகுண்டும் ஏறியதற்கு ஒரே புழுக்கமே காரணம் என்பது நம் கருத்து. அக்கிளர்ச்சியாளருக்குக் கற்பிக்கப்பட்ட ஐந்து வகுப்புக்களில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. தோட்டத் தமிழன் அதன் கருவியாய்ச் சித்திரிக்கப்பட்டான். நேவ்ஸ்மியரில் அரசு விதைத்த நஞ்சு கால் நூற்றாண்டிற் புரட்சியின் பாடப்புத்தகத்திலேயே காய்த்தது. இதை எழுதும்போது எங்கள் பேனா சற்றுத் தயங்குகிறது. ஏனெனில் துப்பாக்கிக்கு இரையான அவ்விளைஞரின் ஏழைமை பொய்யன்று.

பின்னர் நடந்தவற்றை விரைந்து கூறுவோம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தொழிலாளிக்கு ஒரு முழ நிலமும் கிட்டவில்லை. பஞ்ச ஆண்டுகளில் மலையகத்தில் மனிதர் பசியால் மடிந்தனர். சீனாவுக்கு இறப்பரும் இலங்கைக்கு அரிசியும் எனச் செய்யப்பட்ட 1952ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. தான் வெட்டிய பாலுக்கு வந்த அரிசி பால்வெட்டுக்காரியின் பானையை நிரப்பவில்லை. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் அவிசாவளைக்கு அப்பால் 1976இல் நின்றது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஒலிநாடாப் பெட்டிகள் வெள்ளமாய் இறங்கின. விஜேவர்தனவின் பாட்டுக்கள் இசைத்தட்டிலிருந்து நாடாவுக்கு மாறி, பஸ் வண்டிகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தன. அதே 1977இலும், மீண்டும் 1981 ஓகஸ்டிலும் வன்செயல் சபரகமுவத் தோட்டங்களைத் தீண்டிற்று. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. தீவுகளாய்ச் சிதறிக் கிடந்த தோட்டங்களுக்கு ஒன்றையொன்று காக்கும் வலிமை இல்லை. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர் பலர். ஓடுகிறவன் தப்பைச் சுமந்துகொண்டா ஓடுவான்? 1983இல் மீண்டும் அதே கதை.

விஜேவர்தன இவற்றைப் பாடவில்லை. பாடியிருக்க வேண்டும் என்று ஒரு கலைஞனுக்கு ஆணையிடும் அதிகாரம் நமக்கில்லை. பாடாமை ஒரு செய்தி என்று குறிக்கும் கடமை வரலாற்றாசிரியனுக்கு உண்டு. அவர் காலத்து இசைவாணரில் வெறுப்பைப் பாடி விலைபோனோர் இருந்தனர். அவர் அவ்வழி போகவில்லை. 1996இல் அவர் மறைந்தபோது சிங்களச் சமூகம் ஒரு முழுத் தலைமுறையின் இளமையை இழந்தது போல அழுதது. இன்றும் கிராமத்துத் திருமண வீட்டில் கிற்றாரைக் கையிலெடுக்கும் பையன் முதலில் மீட்டுவது பெரும்பாலும் அவர் மெட்டையே. அவரைப் பற்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகள் நிறைய உண்டு. அவருடைய இரத்தினபுரி நாட்களைப் பேசும் அவற்றில், நகரத்தைச் சூழ்ந்த தோட்டங்கள் பசுமையான பின்புலமாக வந்து போகின்றன. அப்பசுமைக்குள் மனிதர் இருந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

தப்பின் நிலை இன்று எவ்வாறு? 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோர் என்ற இழிவைப் பெருமளவு துடைத்தது. லயத்துக்கு மின்சாரமும் வந்தது. பையன்களின் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது, சிலரிடம் கிற்றாரும் இருக்கிறது. இறப்பர்த் தோட்டங்களில் வேலைநாள் சுருங்க, இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் பெயர்கின்றனர். தப்பைத் தொட வெட்கப்படுவோர் அவர்களிற் பலர். காரணம் எளிது: தப்பு சாவுக்கு அடிப்பது, சாதியின் பெயரால் ஒரு பிரிவினர்மேற் சுமத்தப்பட்டது, துரைக்கு ஆள் எழுப்பியது. மூன்று அடிமைத்தனங்களின் வடு அந்தத் தோலில் இருக்கிறது. 'அது நம்முடைய கலை, விடாதே' என்று பட்டணத்து மேடையிலிருந்து அவனுக்கு உபதேசிப்பவர், அதை அடித்ததற்காக அவன் தகப்பன் எங்கே உட்கார வைக்கப்பட்டான் என்பதையும் கேட்டறிய வேண்டும். சாதிவீட்டுப் பிள்ளைகளும் தப்பை எடுத்து, நெருப்பிற் காய்ச்சி, ஊர் நடுவே நின்று அடிக்கும் முயற்சிகள் மலையகத்தில் ஆங்காங்கே தொடங்கியுள்ளன. ஆசிரியர் சிலர் அதைப் பள்ளி மேடைக்குக் கொணர்ந்துள்ளனர். சபரகமுவவின் சிறு தோட்டங்களில் முதியோர் சிலருடைய கையில் மட்டும் எஞ்சியுள்ள அடிமுறைகள் பல. இழவுக்கு ஒரு நடை, காமனுக்கு வேறு நடை, சாமி அழைப்புக்கு மற்றொரு நடை. இரத்தினபுரி, கேகாலைப் பாடசாலைகளிற் பணியாற்றும் தமிழாசிரியர், கையடக்க ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு விடுமுறைக் காலத்தை அம்முதியோரிடம் கழித்தாற் பதிவு செய்யக்கூடிய அளவினவே அவை. சிங்களம் அறிந்த மாணவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். கிராமத்து முதியோருக்கும் அந்த நடைகளிற் சில காதிற் பதிந்திருக்கும்.